கை சும்மா இராத போராட்டம்

கல்லெடுக்காமல், கையோங்காமல் உரிமை கேட்டு வென்றவர்களைப் பற்றிய புத்தகம் என்றால் எனக்குப் பைத்தியம். பதுளை நூலகத்தில் அந்த அடுக்கையே படித்துத் தீர்த்துவிட்டேன். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள் நான். சரியான கோபக்காரி. அதனால்தான் அந்தப் புத்தகங்கள் எனக்குத் தேவைப்பட்டன என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வேலை நேரத்தில் எங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவைப் பூட்டி, உர மூட்டை அடுக்கப் போவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை அறிவித்தார். அப்போது என் மகள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். வீட்டில் அவளைப் பார்க்க ஆளில்லை. காம்பரா போனால் என் வேலையும் போகும்.

படித்ததை வைத்து ஒரு யோசனை சொன்னேன். வழக்கம்போலத் தேயிலை மலைக்குப் போவோம், கொழுந்தில் கை வைக்காமல் நிற்போம். எல்லோரும் சரி என்றார்கள். மறுநாள் செடிகளுக்கு நடுவே நின்று கதை பேசினோம். ஐயோ, கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அத்தனை கூடையிலும் கொழுந்து! வாய் அது பாட்டுக்குப் பேச, கை அது பாட்டுக்குப் பறித்துப் போட்டிருக்கிறது. எங்களை வேலை வாங்கும் கங்காணி விழுந்து விழுந்து சிரித்தார்.

“நல்ல போராட்டந்தான்! தெனமும் செய்யுங்கம்மா!”

எனக்கு மானம் போயிற்று. “இந்தக் கையக் கட்டிப்போடணும்க்கா” என்றேன், பக்கத்து லயத்து வீட்டு அக்காவிடம்.

“எதுக்குடி கட்டணும்? புள்ளையத் தூக்கிக்க. தானா அடங்கும்.”

காம்பராவுக்குப் பூட்டு விழுந்த அன்று, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆளுக்கொரு பிள்ளையோடு போனோம். கைக்குழந்தை இல்லாதவர்கள் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள்.

“வேலைக்கு வந்தீங்களா, சண்டைக்கு வந்தீங்களா?” என்று கத்தினார் துரை.

“வேலைக்குத்தாங்க தொரை. முதுகுல கூடையப் பாருங்க.” முன்னே போய் என் மகளை நீட்டினேன். “இவளைக் கொஞ்சம் புடிங்க. கொழுந்தெடுத்துட்டு வந்து வாங்கிக்கிறேன்.”

குழந்தையை நீட்டினால் யாருக்கும் கை தானாக வந்துவிடும். அவரும் வாங்கிக்கொண்டார். அவள் அவர் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். எனக்குப் பின்னால் அக்கா, தன் பிள்ளையை நீட்டியபடி. அக்காவுக்குப் பின்னால் பெரட்டுக் களம் முழுக்க வரிசை. ஒருத்தியும் சத்தம் போடவில்லை. துரை அந்த வரிசையைப் பார்த்தார்.

“கங்காணி! அந்தக் காம்பராச் சாவிய எடுத்துட்டு வா!”

புத்தகங்களில் படித்த எந்தப் போராட்டத்துக்கும் எங்களுடையது இளைத்ததில்லை, அடித்துச் சொல்வேன். சாவி வந்து கதவு திறக்கும்வரை துரை கையிலிருந்து என் மகளை நான் வாங்கவேயில்லை.