தள்ளுபடி என்றால் பாதி

எனக்கு எழுத வராது. அஞ்சாவது வரைதான் படிப்பு, மறதியும் அதிகம். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சுப்ரீம் கோர்ட் கவிழ்ந்த கதையை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

சுப்ரீம் கோர்ட் என்பது என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. ஒரகடத்தில் பிறந்து பிள்ளைப்பாக்கத்துக்கு வாழ வந்தவள். ஒரகடத்து ஓரகத்தி என்று நான் மனசுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வேன், வெளியே சொன்னதில்லை.

இருவரும் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கினோம். பெண்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் சாப்பாட்டு வேளை முடிந்ததும் அவளிடம் வரும். வெங்காயப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்பாள். பிறகு கையிலிருக்கும் முள்ளங்கியால் பெட்டியைத் தட்டி, டிவி செய்தியில் பிடித்த சொல்லைச் சொல்லுவாள்: "தள்ளுபடி!"

எங்களுக்குத் தெரிந்த தள்ளுபடி ஆடி மாதம் துணிக்கடையில் போடுவதுதான். ஆகவே தள்ளுபடி என்றால் பாதி. கம்பெனி பஸ்ஸில் அடுத்தவளுடைய ஜன்னல் சீட்டைக் கேட்டால், சுங்குவார்சத்திரம் வரை இவள், அப்புறம் அவள். ஃபேனுக்குக் கீழே இடம் கேட்டால், காலையில் ஃபேன், மதியம் அடுப்பு. யாரும் முழுசாகத் தோற்றதில்லை. சூப்பர்வைசர்கூட ஒரு முறை கேஸோடு வந்து நின்றார்.

என் மிக்ஸியின் சின்ன ஜாரை அவள் வாங்கிப் போய் ஒரு பொங்கல் முடிந்து அடுத்த பொங்கலும் வந்துவிட்டது. பெரிய ஜாரில் ரெண்டு மிளகாயைத் துரத்திக்கொண்டிருந்தேன். கேட்க வாய் வரவில்லை. மற்ற பெண்கள்தான், "கேஸ் போடும்மே" என்று பிடித்துத் தள்ளினார்கள்.

"யாரும்மே கேஸ் குட்த்தது?"

"நான்தான்க்கா."

"யார் மேல?"

"உன் மேலதான்க்கா."

ஒரே சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள், முள்ளங்கியால் தட்டினாள். "தள்ளுபடி!"

பாதி வாரம் ஜார் எனக்கு என்று மனம் குளிர்ந்தது. அப்போது சாப்பிட்ட தட்டை வைக்க வந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கம்பெனியில் மிஷின் லைனில் புதுசாகச் சேர்ந்தவள், நின்றாள்.

"தள்ளுபடின்னா பாதி இல்லக்கா. கேஸே செல்லாது, ஒண்ணும் கிடைக்காதுன்னு அர்த்தம்லா!"

ஜன்னல்காரி எழுந்தாள். "அப்போ என் சீட்டை இன்னாத்துக்கு அவளுக்குக் குட்த்தே?"

"காலைல பூரா அடுப்பாண்ட வெந்துகினு கெடந்தேனே!" என்றாள் ஃபேன்காரி. "அர்த்தம் தெரியாத கோர்ட்டு!"

புது அர்த்தப்படி பார்த்தால் ஜார் முழுசும் ஓரகத்திக்கே. அவள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"வார்த்தை டிவியோடது, தீர்ப்பு என்னோடது. பாதின்னா பாதிதான்" என்றாள்.

கேட்க யாரும் நிற்கவில்லை. மறுநாள் அந்தப் பெட்டியில் வெங்காயம் இருந்தது. அதற்கப்புறம் ஒரு கேஸும் வரவில்லை.

தீர்ப்பு சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே என் வீட்டு வாசலில் வந்து ஜாரை நீட்டினாள்.

"இந்தா, உன் பாதி."

"மூடி எங்கக்கா?"

"அது என் பாதி."

இன்றுவரை தட்டால் மூடித்தான் அரைக்கிறேன். சட்னியில் பாதி சுவருக்கு.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். அந்த மூடி வெள்ளையா கறுப்பா என்பதே மறந்துவிட்டது. அவள் அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். யாராவது போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.