காலிப் பட்டியலில் ஒருவர்

காலியான பட்டியலை எண்ணினால் எவ்வளவு வரும்? பூஜ்யம். எங்களுக்கு ஒன்று வந்தது. கட்டிவிட்ட கதையில்லை, சாட்சிக்கு, கூட வேலை பார்க்கும் கிரேஸ் இருக்கிறாள்.

கல்வராயன் மலையில் பிரசவ அவசரத்துக்கு ஜீப் கூப்பிட ஒரு செயலி. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடி அறையில் செய்துகொண்டிருந்தோம். நிரலில் ஒரு வரி மாறினாலும், தானியங்கி ஒன்று வெறுமையான புதுச் சூழலை உருவாக்கி, முழுச் செயலியையும் அதில் கட்டிச் சோதிக்கும். அதுதான் பில்ட். தேறினால் பச்சை. தவறினால் சிவப்பு, செயலி வெளியே போகாது. மழைக்கு முன் அது மலை ஏறியாக வேண்டும்.

கடைசிச் சோதனை எளியது. எல்லா அழைப்பையும் அழி; காத்திருப்போரை எண்ணு.

ஒன்று. சிவப்பு.

என் மடிக்கணினியில் பூஜ்யம்தான். தானியங்கியில் மட்டும் ஒன்று. பழைய தரவு ஒட்டியிருக்கும் என்று எல்லாவற்றையும் துடைத்தேன். சோதனைகளின் வரிசையை மாற்றினேன். இணையத்தைத் துண்டித்தேன். சிவப்பு.

"யாரு அந்த ஒண்ணு? பேரைப் பாத்தியா?" என்றாள் கிரேஸ்.

தானியங்கியைப் பெயரைக் காட்டச் சொன்னேன். 'நிர்மலா. கரியாலூருக்குக் கீழே, கடுக்காய் மர வளைவு.'

"நீ போட்ட பேரா?"

"இல்ல. நீ?"

"வெளாடாத அமலு."

மறுபடி ஓட்டினேன். அதே பெயர். கீழே புதிதாக ஒரு வரி...

'நனைஞ்சிட்டேன்.'

வெளியே மே மாத வெயில்.

மறுபடி.

'வண்டி வருதா?'

கிரேஸ் போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஜீப் ஓட்டும் இன்னாசி அண்ணன் கரியாலூரில்தான் இருந்தார்.

"அண்ணே, கடுக்காய் மர வளைவுல யாருனா நிக்கிறாங்களா பாருங்க."

"இந்த வெயில்ல எவ நிப்பா? இன்னாமா நீ..."

முனகிக்கொண்டே போனார். வண்டி நின்றது.

"ஒருத்தருமில்ல."

"பின்கதவத் திறங்கண்ணே." நான்தான் சொன்னேன். ஏனென்று தெரியாது.

கதவுச் சத்தம்.

கிறீச்... வண்டி அமுங்கும் சத்தம்.

"அமலு... யாரோ ஏறிக்கினாங்கடா."

அண்ணன் ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டிப் போய், கதவைத் திறந்துவிட்டார். பின்னிருக்கை நனைந்திருந்தது என்றார்.

பில்டை ஓட்டினேன்.

பூஜ்யம். பச்சை.

பிறகுதான் கரியாலூர்க்காரர் ஒருவர் சொன்னார். மூன்று மழைக்காலத்துக்கு முன்னால், பிரசவ வலியோடு ஒரு பெண் அந்த வளைவில் காத்திருந்தாள். வழியில் மரம் விழுந்ததால் வண்டி வரவில்லை. விடிந்தபோது அவள் உயிரோடு இல்லை. பெயர் நிர்மலா.

சிவப்பு பச்சையானால், எப்படிச் சரிசெய்தோம் என்று ஒரு வரி எழுதிவைப்பது எங்கள் வழக்கம். எழுதினேன்:

'வண்டி அனுப்பப்பட்டது.'