மெமரி கார்டில் பிடித்த கடல்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் டீச்சர் கம்ப்யூட்டரில் ஸ்லைடு செய்யக் கற்றுக்கொடுத்தபோது ஒரு சட்டம் போட்டார். படமும் சத்தமும் நெட்டிலிருந்து எடுக்கக் கூடாது; அவரவர் வீட்டுப் பக்கத்து இயற்கையாக இருக்க வேண்டும். அபிராமபுரத்துப் பையனுக்கு ஒரு அணில் கிடைத்தது. பட்டினப்பாக்கத்தில் எனக்குக் கடலே இருந்தது. நன்றாக வருவது ஆண்டுவிழாவில் பெரிய திரையில் ஓடும் என்றார். அன்றிலிருந்து எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

உங்களைப் போல எங்களுக்கு ஆளுக்கொரு போன் கிடையாது. மாமாவிடம் ஒன்று இருந்தது. கெஞ்சி வாங்கிப் போய்ப் படம் எடுத்துவிட்டேன். அலைச் சத்தம்தான் தனியாக மாட்டவில்லை. ஒரு நாள் மீன் ஏலம், ஒரு நாள் பைக், ஒரு நாள் கோயில் மைக்.

"நாளைக்குதான் கடைசி. அப்பால போனு என்கூட கடலுக்கு வந்துரும்" என்றார் மாமா.

விடிந்ததும் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, கடலைப் பார்த்த பின்சுவர் மேல் வைத்தேன். யாரும் பேசக் கூடாது என்று வீட்டுக்குள் கட்டளை போட்டேன். எனக்கே வாய் அடங்காது என்பதால் தெருமுனைக்கு ஓடிவிட்டேன். திரும்பி வந்ததும் மாமா மெமரி கார்டைக் கழற்றிக் கையில் திணித்துவிட்டுப் படகுக்குக் கிளம்பிவிட்டார். கேட்டுப் பார்க்க வழியில்லை.

வகுப்பில் 'கடல் எங்கள் நண்பன்' என்ற எழுத்துகள் சுழன்று வந்து நின்றன. அலை அடித்தது. அதற்கு மேல் அம்மாவின் குரல்.

"கடலுக்கும் நம்ம செவுத்துக்கும் இன்னும் நாலடிதான்டா கீது. துணி காயப்போட்ட எடமெல்லாம் போன மழைல போச்சு."

"ஊருக்கு வெளிய வூடு தராங்களாம். போய்டலாங்க்கா" என்றது மாமாவின் குரல்.

"அங்க போய் யாருக்குடா மீனு விப்பேன்? இவன் இஸ்கோலு இன்னாவறது?"

பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. "பேச்சை வெட்டிடுங்க டீச்சர், அலை மட்டும் இருக்கட்டும்" என்றேன். டீச்சர் வெட்டவில்லை. வகுப்பை அதட்டி அடக்கிவிட்டு, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆண்டுவிழாவுக்கு இதுதான் என்றார்.

அலை அவ்வளவு நன்றாகப் பதிவாகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா பின்சுவரை ஒட்டி மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"விழா எப்போடா?"

"பொங்கலுக்கு அப்புறம்."

அம்மா தண்ணீரைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"அதுவரிக்கும் செவுரு தாங்கும்" என்றாள்.

ஆண்டுவிழாவுக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.