டேஷ்போர்டுக்குள் போன கை

என் வீட்டுக்காரர் அந்த அம்பாசிடர் காரை இருபத்திரண்டு வருஷம் ஓட்டினார். கார் அவருடையது இல்லை, நெல் மண்டி வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. முதலாளி காலமான பிறகு பிள்ளைகள் புதுக் கார் வாங்கிக்கொண்டார்கள். பழைய கார் மண்டி ஷெட்டில் மூன்று மழைக்காலம் நின்றது. பிறகு அவர்களே இவரைக் கூப்பிட்டு, "நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே, எங்களவிட ஒங்களத்தான் அதுக்குத் தெரியும்" என்று கொடுத்துவிட்டார்கள். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் விட்டார்கள். எங்கள் மகள் பிறந்த அன்றைக்குக்கூட இவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

முதன்முதலில் அந்தக் காரில் ஏறி உட்கார்ந்த நாளில் அது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்பது இவருடைய ஆசை. எஞ்சின் இறங்கி ஏறியது. சீட்டெல்லாம் புது ரெக்சின் போட்டு வந்தது. கடைசியில் நின்றது டேஷ்போர்டு. ஓட்டுகிறவருக்கு முன்னால் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும், மீட்டரும் சுவிட்சும் பதித்து நீளமாக இருக்குமே, அதுதான். ரொம்பப் பழைய மாடல் என்பதால் பூராவும் இரும்புத் தகடு. மீட்டர் நட்டநடுவில் வட்டமாக இருக்கும். கண்ணாடி வழியாக மழைத் தண்ணீர் இறங்கித் தகட்டில் துரு ஏறியிருந்தது. சேத்தியாத்தோப்பில் ஒரு பெயிண்டர் நல்ல வேலைக்காரர். அவர், "வண்டில வெச்சே அடிச்சா ஆறு மாசத்துல உரிஞ்சிடும். தனியாக் கழட்டி எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். இது கெட்டால் இன்னொன்று கிடைக்காது. இவர் பாண்டிச்சேரி வரைக்கும் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் தம்பி கழற்ற வந்தார். ஜங்ஷன் ரோட்டில் ஷெட் வைத்திருப்பவர், நாற்பது வயசு இருக்கும். நாலு மாதமாக வந்து போகிறவர்தான். ஆனாலும் என் குரலை அவர் கேட்டது கிடையாது. எனக்கு ஆண்பிள்ளைகள் முன்னால் நின்று பேச வராது. டீ போட்டு ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, வளையலைக் கதவில் ஒரு தட்டு தட்டுவேன். இவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். "அண்ணிக்குப் பேச்சு வராதுன்னே நெனச்சிருந்தேன்" என்று அந்தத் தம்பி பின்னால் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அன்றைக்கும் நான் ஜன்னலுக்கு உள்பக்கம்தான் நின்றேன். பேட்டரி ஒயரை எடுத்தார்கள். ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடுங்கி வைத்தார்கள். சுவிட்சுகள் ஒவ்வொன்றாக வந்தன. மீட்டரும் முன்பக்கமாகவே கழன்று வந்துவிட்டது. மேலே இருந்த ஸ்குரூ, இரண்டு ஓரத்திலும் இருந்த போல்ட் எல்லாம் வந்தன. இனிமேல் இழுத்தால் வந்துவிடும் என்று இழுத்தால் வரவில்லை. நடுவில் எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது.

மீட்டர் இருந்த வட்டத் துளைக்குள் தம்பி கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டோடு கை நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பின்னாடி மேல ஒரு நட்டு இருக்குதுண்ணே. ஒயருக்கு அந்தாண்ட. பார்வைக்கும் வரல, கைக்கும் வரல."

"வேற வழி?"

"மேல் தகட்ட கொஞ்சமா அறுத்துடலாம். அப்புறம் வெல்டிங் வெச்சித் தேய்ச்சிட்டா தெரியவா போவுது."

இவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே வேர்வை இல்லை. வெல்டிங் வைத்தால் தழும்பு இருக்கும். யார் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இவர் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் இவர் அதைத்தான் பார்ப்பார்.

அறுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தரம் என்று தம்பி ஸ்குரூ டிரைவரைத் தகட்டின் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். விளிம்பு ஒரு நெல் அளவுக்கு வளைந்தது.

"விளிம்பப் புடிக்காதீங்க தம்பி. வயித்துல புடிங்க."

சொன்னது நான்தான். சொல்லி முடித்த பிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பேரும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அது பீங்கான் கம்பெனியில் வந்த பழக்கம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது பீங்கான் வேலைக்குப் போயிருப்பார்கள். நான் பதினெட்டு வருஷம் போனேன். அச்சிலிருந்து எடுத்த ஜாடி சுடுவதற்கு முன்னால் பச்சையாக இருக்கும். அதை விளிம்பில் பிடித்துத் தூக்கினால் கோணிக்கொள்ளும். இரண்டு உள்ளங்கையையும் வயிற்றில் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். என் வேலை ஜாடிக்கு உள்பக்கம். அச்சு இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு விழும். சின்ன வாய் வழியாகக் கையை உள்ளே விட்டு, ஈர ஸ்பஞ்சால் அந்தக் கோட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. விரல் சொல்கிறதுதான். என் கை சின்னக் கை என்பதால் அந்த வேலையை எனக்கே கொடுத்தார்கள்.

இவருக்கும் அது அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் கையைப் பார்த்தார், அந்தத் துளையைப் பார்த்தார்.

"இந்தா, இங்க வா" என்றார்.

"நானா?"

"ஒன் கை போவும்."

"பட்டப்பகல்ல ரோட்டுல போறவங்க பாக்கறாங்க."

"கார வெட்டறத நான் பாக்கறதுக்கு, நீ உள்ள போறத அவங்க பாக்கட்டும்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். அந்தக் காரில் நான் பின் சீட்டில்தான் இரண்டு மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முன் சீட்டில் ஏறினேன். கையை விட்டால் கண்ணாடி வளையல் துளையில் இடித்தது. கம்பெனியில் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கையாக இருக்கக் கூடாது என்று ஒரு மஞ்சள் நூலைச் சுற்றிக்கொள்வோம். இங்கே நூலுக்கு எங்கே போவது? சோப்பு போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எதிர் வீட்டம்மா அதற்குள் வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாகிவிட்டது.

"அடி ஆத்தா, ஆம்பளை கல்லாட்டம் எதிர்ல நிக்கும்போது வளையலக் கழட்டறியே."

இவர் கீழே கிடந்த கழிவு ஒயரில் சிவப்பாக ஒரு துண்டு எடுத்தார். என் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி முறுக்கிவிட்டார்.

"இப்ப என்னா சொல்றீங்க?" என்று எதிர் வீட்டம்மாவைக் கேட்டார்.

"கரண்டு அடிக்காமப் பாத்துக்கடி" என்றார் எதிர் வீட்டம்மா. மெக்கானிக் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் பானெட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கை முழங்கை வரைக்கும் போனது. உள்ளே ஒயர்க் கற்றை, தூசி, ஒரு பழைய குளவிக் கூடு. அதைத் தாண்டி விரலை மேலே மடக்கினேன். ஆறு பக்கமாக ஒன்று தட்டுப்பட்டது. ஜாடிக்குள் கோடு தட்டுப்பட்ட மாதிரியேதான் இருந்தது. "இருக்குது தம்பி" என்றேன். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொடுத்தார், வைத்து ஊறவிட்டேன். பிறகு சின்ன ஸ்பேனரை விரலுக்கு நடுவில் இடுக்கி உள்ளே கொண்டுபோனேன்.

"எடப்பக்கமாத் திருப்புங்க அண்ணி."

திருப்பினேன். கொஞ்சம் நகர்ந்தது. ஸ்பேனரை எடுத்து மறுபடி மாட்டித் திருப்பினேன். ஒரு தடவைக்கு ஒரு விரல்கடை கூட நகராது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வர வர இறுகுகிறதே தவிர இளகவில்லை. ரோட்டில் சைக்கிளை நிறுத்தி இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கவனமே போகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

"தம்பி, இது முன்னாடி பாக்குதா, பின்னாடி பாக்குதா?"

"எது அண்ணி?"

"நட்டு. எஞ்சின் பக்கம்தான பாக்குது? நாம முதுகுப் பக்கத்துலேருந்துதான திருப்பறோம்? அச்சுல எழுத்து திரும்பித்தான் இருக்கும். இங்கேருந்து பாத்தா வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலும்."

தம்பி கையை ஆட்டி ஆட்டிக் காற்றில் ஒரு நட்டைக் கழற்றிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"இருபது வருசமாத் தொழில் பண்றேண்ணே. இத வெளில சொல்லிடாதீங்க."

"ரோட்டுல நிக்கறவங்களயும் சேத்துக் கேட்டுக்க" என்றார் இவர்.

வலப்பக்கம் திருப்பினேன். முதலில் அசையவில்லை. இரண்டு விரலையும் கொடுத்து அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை. விரலாலேயே சுழற்றினேன். நட்டு என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினேன். முழங்கை வரைக்கும் கறுப்பு, இரண்டு இடத்தில் சிராய்ப்பு. இவர் நட்டை எடுக்காமல் என் கையையே பிடித்துக்கொண்டு நின்றார், எதிர் வீட்டம்மா பார்க்கிறார் என்றுகூட இல்லாமல்.

டேஷ்போர்டை மூன்று பேரும் தூக்கினோம். தம்பி பவ்வியமாக, "வயித்துல புடிச்சிருக்கேன் அண்ணி, செரியா?" என்று கேட்டார். ஒரு வெட்டு இல்லாமல் முழுசாக வெளியே வந்தது.

மறுநாள் காலையிலேயே சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறினோம். நான் அதை வைக்கோல் வைத்து, சணலால் கட்டியிருந்தேன். "பீங்கானாடி இது?" என்று கேட்டுவிட்டு இவர் பாதி வைக்கோலைப் பிரித்துவிட்டார். பஸ்ஸில் கூட்டம். இவர் பின்னால் ஆண்கள் பக்கம் மாட்டிக்கொண்டார். முன்னால் பெண்கள் சீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. டேஷ்போர்டை முழங்காலுக்கு நடுவில் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். என் தலைக்கு மேலே போனது.

கண்டக்டர் வந்து நின்றார். "என்னாம்மா இது?"

வழக்கமாக நான் பின்னால் இருக்கும் இவரைத்தான் கை காட்டுவேன்.

"அம்பாசிடர் காருங்க" என்றேன்.

"பஸ்ஸுல கார ஏத்திக்கிட்டுப் போறீங்களா?"

"முழுசா இல்லைங்க. மூஞ்சி மட்டும்தான்."

முன் பக்கம் பூராவும் சிரித்தது. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா மீட்டர்த் துளை வழியாக என்னை எட்டிப் பார்த்து, "எப்பிடிம்மா இத முழுசாப் பேத்தீங்க?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். கம்மாபுரத்தில் ஏறிய இரண்டு பெண்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. நட்டு எந்தப் பக்கம் பார்த்தது என்று கையால் காட்டிச் சொன்னேன். ஒருத்தி நடுவில், "அந்த மெக்கானிக்குக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, பொண்டாட்டி தெனம் என்னா பாடுபடுறாளோ" என்றாள். அதற்கு ஒரு சிரிப்பு.

சேத்தியாத்தோப்பு வெள்ளாற்றுப் பாலம் வந்தது. பஸ் நின்றது. பின்படியில் இறங்கிய இவர் முன்பக்கம் வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"ஏ, எறங்கு. எடம் வந்துடுச்சு."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் கதையில் ஸ்பேனரை உள்ளே கொண்டுபோன இடத்தில்தான் இருந்தேன்.

"செத்த இருங்க" என்றேன், இவருக்கும் கண்டக்டருக்கும் சேர்த்து. "நட்டு வெளிய வர்ற எடம்தான். சொல்லிட்டு வந்துடறேன்."