பதினேழாம் கிண்ணத்தின் மரம்

“ஜூலை 6, ஞாயிறு. கிண்ணம் 17. வேம்பு. வாய் அகலம் ஆறு அங்குலம், உயரம் இரண்டே முக்கால். ஆளிவிதை எண்ணெய், இரண்டு பூச்சு.” என் மரப் பதிவேட்டில் உள்ள இந்தக் குறிப்பில் தேதியும் அளவும் சரி. மரத்தின் பெயர் சரிதானா என்பதுதான் கேள்வி.

செங்கல்பட்டில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒரு சிறிய லேத் வைத்துக் கிண்ணங்கள் கடைகிறேன். விற்பதில்லை, தெரிந்தவர்களுக்குக் கொடுப்பேன். சாலையோரம் வெட்டிய மரம், காற்றில் சாய்ந்த மரம் என்று எது கிடைத்தாலும் கேட்டு வாங்கி வருவேன். பூவரசு உளிக்கு இணங்கும், நடுப்பகுதி கருஞ்சிவப்பு. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் அன்றைக்கு முழுக்கத் தும்மல். சவுக்கை மூன்று முறை முயன்றேன், மூன்றும் காய்வதற்குள் பிளந்தன. பலா மட்டும் இதுவரை ஏமாற்றியதில்லை.

கடப்பாக்கம் பக்கம் சாலைக்காக மரம் வெட்டிய ஒப்பந்தக்காரர் எனக்குச் சில துண்டுகள் கொடுத்தார். அவற்றில் இரண்டு வேம்பு, ஒன்று எட்டி. எட்டியின் கொட்டை நஞ்சு, பட்டையும் நஞ்சு என்று படித்திருக்கிறேன். ஆனால் மரம் உறுதியானது, கரையான் தொடாது. உளிக்குப் பிடி போட ஆகும் என்றுதான் வாங்கினேன்.

பச்சைத் துண்டின் இரு முனைகளையும் அடைக்காவிட்டால், ஈரம் முனை வழியே வேகமாக வெளியேறி மரம் வெடித்துவிடும். மெழுகு பூசுவது வழக்கம். என்னிடம் சுவருக்கு அடித்ததில் மிஞ்சிய டிஸ்டம்பர் இருந்தது. முதலில் ஒவ்வொரு துண்டின் முனையிலும் மார்க்கரால் மரத்தின் பெயரையும் தேதியையும் எழுதினேன். பிறகு முனைகளில் டிஸ்டம்பர் பூசினேன். எழுதிய இடத்தின் மேலேயே பூசியிருக்கிறேன் என்பது கடைசித் துண்டு முடிந்த பிறகுதான் உறைத்தது. அதனால் என்ன என்று, அடுக்கிய வரிசையை இடமிருந்து வலமாகப் பதிவேட்டில் எழுதிவைத்தேன்.

மே மாதத்தில் அடுக்குக்கு அடியில் பாம்புச் சட்டை கிடந்தது. என் மனைவி ஆள் வைத்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கூட்டி, திரும்ப அடுக்கிவைத்தாள். வரிசை மாறவில்லையே என்று கேட்டேன். “எல்லாம் இருந்த மாதிரியேதான் இருக்கு, போங்க” என்றாள். நம்பினேன்.

பதினேழாம் கிண்ணத்தைக் கடைந்தபோது தூள் நாக்கில் கசந்தது. வேம்பென்று நினைத்திருந்ததால் அந்தக் கசப்பே எனக்கு அத்தாட்சியாகிவிட்டது. அடிப்புறத்தில் வேம்பு என்று சூடு போட்டு எழுதி, ஜூலை 13 அன்று மாமல்லபுரத்தில் உள்ள ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். கல் சிற்பி, என் உளிகளை அவர் பட்டறையில்தான் தீட்டிக்கொள்வேன். ஏழு மாதக் கர்ப்பிணியான அவர் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கிண்ணம் அவளுக்குத்தான்.

ஜூலை 24 காலை கொட்டகைக்குப் போனேன். முந்தின நாள் மழை கூரை ஓட்டை வழியே ஒரு துண்டின் மேல் ஒழுகி, டிஸ்டம்பரைக் கரைத்திருந்தது. பதிவேட்டின்படி அது எட்டி. முனையில் என் கையெழுத்தில் ‘வேம்பு’ என்றிருந்தது. மற்றத் துண்டுகளையும் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினேன். எட்டி எதிலும் இல்லை. வேம்பு என்ற பெயரில் அடுக்கிலிருந்து வெளியே போனவை இரண்டே துண்டுகள். வெடித்துப்போன ஒன்றைப் பக்கத்து வீட்டில் வெந்நீர் போட எரித்துவிட்டார்கள். இன்னொன்றுதான் கிண்ணம்.

நண்பருக்கு நான்கு முறை போன் செய்தேன். பட்டறையில் கல் அறுக்கும் சத்தத்தில் கேட்டிருக்காது. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

பட்டறையை ஒட்டிய வீட்டு வாசலில் மகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க மாமா. உங்க கிண்ணத்தால எனக்கு இன்னா பேஜாரு தெரியுமா? ஒரே கசப்பு. மொத நாளே வேணான்னேன், இந்தம்மா வுடல.”

“இன்னாடி வுடல?” என்றார் அவள் அம்மா உள்ளிருந்தே. “வேம்புன்னு அடியிலயே எழுதிகீது. கசக்காம இனிக்குமா? வயித்துப் புள்ளைக்கு நல்லதுடி. நீங்க சொல்லுங்கண்ணா.”

பதினொரு நாளாக, காலையில் அந்தக் கிண்ணத்தில் மோர் ஊற்றி, கசப்பு இறங்கட்டும் என்று கொஞ்ச நேரம் வைத்திருந்து மகளைக் குடிக்கவைத்திருக்கிறார். நான் எழுதிய பெயரை நம்பித்தான்.

விஷயத்தைச் சொன்னேன். அம்மா வெளியே வந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். உடம்பெல்லாம் கல்தூளோடு நண்பர் வந்தார்.

“எட்டின்னா, எட்டிக்கொட்ட எட்டியா?”

“ஆமாம். ஆனால் எட்டியா வேம்பா என்று தெரியாது. பாதிக்குப் பாதி.”

“இன்னா சார் நீ. தேதி போட்டு, நம்பர் போட்டு, அங்குலம் போட்டு எழுதிகினு கீற. மரம் இன்னான்னு மட்டும் தெரியாதா?”

அதுவரை என்னை நீ என்று அவர் சொன்னதில்லை.

மகளையும் அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, அவள் வழக்கமாகக் காட்டும் மருத்துவரிடம் போனேன். தசை இழுக்கிறதா, தாடை இறுகுகிறதா, உடம்பு வெட்டுகிறதா என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு குழந்தையின் இதயத்துடிப்பைக் கருவியில் வைத்து எங்களுக்கும் கேட்கும்படி ஒலிக்கவிட்டார். அம்மா அங்கேயே அழுதார். “இப்போதைக்கு ரெண்டு பேருமே நல்லா இருக்காங்க. ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க” என்ற மருத்துவர், கடைசியில் என்னைப் பார்த்து, “அந்தக் கிண்ணத்தைப் பத்திரமா வைங்க, தேவைப்பட்டா சோதிச்சுப் பார்க்கலாம்” என்றார்.

திரும்பி வந்தபோது நண்பர் உலையடியில் உட்கார்ந்திருந்தார். மழுங்கிய உளிகளைக் காய்ச்சும் கரி உலை அது.

“கிண்ணம் எங்கே?”

“அதுலதான். இனிமே அது எதுக்கு சார் நமக்கு? சனியன் ஒழிஞ்சிது.”

அவர் மேல் தப்பில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தாவரவியல் படித்த ஒருவரை விசாரித்தேன். விரல் நகமளவு சில்லு கிடைத்தால் போதும், லென்ஸில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றார். கடைசல் சீவலை எருக்குழியில் கொட்டியிருந்தேன். இரண்டு மழையில் எந்தச் சீவல் எந்த மரத்துடையது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. எட்டி மரத்திலிருந்து மோரில் எவ்வளவு நஞ்சு இறங்கும் என்பதற்கும் நான் தேடிய நூல்களில் விடை இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, சுகப்பிரசவம். பெண் குழந்தை, மூன்று கிலோ. போய்ப் பார்த்தேன். நண்பர் மறுபடி நீங்க என்று பேசினார். வந்தவர்களிடமெல்லாம் அவர் மனைவி, வேப்பமரக் கிண்ணத்தில் மோர் குடித்ததால்தான் பிரசவம் சுலபமாக ஆனது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது வேம்புதானா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.