பஸ்காரம்மாவும் மெத்தை போட்ட பெட்டியும்

புருஷனைப் புகை போட்டுக் கொல்லப் பார்த்தாளாம்! இப்படிச் சொல்கிறவர்களுக்கு வாய் கூசவில்லையா? கொசுவுக்குப் புகை போடுவார்கள், மூட்டைப்பூச்சிக்குப் போடுவார்கள். கட்டிய புருஷனுக்கு எவளாவது போடுவாளா? எதிர் வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தது என்னவோ நிஜம்தான். பஸ்காரம்மா தன் புருஷனை மெத்தையோடு சேர்த்து வண்டியிலிருந்து தரதரவென்று இழுத்துத் தரையில் போட்டாள். அதற்கு முன்னால் நடந்ததை அந்த ஜன்னல் காட்டவில்லையே. காட்டாததற்கெல்லாம் கண்ணும் காதும் வைத்துத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இனி நடந்ததைக் கேளுங்கள்.

பஸ்காரம்மா பள்ளிக்கூட மினி பஸ் ஓட்டியவள். தலை நரைக்கும்வரை ஒரே சாலை, ஒரே வளைவு, ஒரே கேட். வேலையை விட்டு நின்றபோது, பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட அந்தப் பழைய வண்டியையே வாங்கிக்கொண்டாள். "இத்தனை நாள் கேட்டுக்குப் போய்த் திரும்பினேன். இனி திரும்பாத பக்கமா ஓட்டிப் பாக்கணும்" என்றாள். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தாள். கட்டிலுக்கு மெத்தை தைத்தவர் அவள் புருஷன். அவர் சோபா தைக்கிறவர். பஞ்சும் ஃபோமும் அவர் கைக்கு அப்படிப் பழக்கம். கல்லைக் கொடுத்தாலும் உட்காரச் சுகமாக்கித் தருவார்.

ஒரே ஒரு சிக்கல். சோபாக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். மூக்கில் மாஸ்க் மாட்டி, மூச்சு மிஷினைப் போட்டுக்கொண்டுதான் அவர் படுக்க வேண்டும். மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினால் அவருக்குத் தூக்கமில்லை, அவர் தூங்கினால் அவளுக்குத் தூக்கமில்லை. அதனால் ஜெனரேட்டர் இல்லாமல் பயணமில்லை.

கடைக்காரர் முதலில் காட்டியது சிவப்புக் கம்பிக் கூட்டுக்குள் உட்கார்ந்திருந்த பெரியது. விலை குறைவு, ஆனால் ஸ்டார்ட் செய்ததும் கடையே அதிர்ந்தது.

"இதுல ஏசியே ஓடும்மா."

"ஏசி யாருக்கு வேணும்? ஒரு மூச்சு மிஷின், ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு. இதோட கரண்டு சீரா வருமா?"

"கொஞ்சம் ஏறி இறங்கும்."

"ஏறி இறங்குனா மிஷின் என்னத்துக்காகும்? எங்க வீட்டுக்காரர் மூச்சே ஏற்கெனவே ஏறி இறங்குது."

பிறகு அவர் சூட்கேஸ் மாதிரி மூடிய ஒன்றைக் காட்டினார். அது இன்வெர்ட்டர் வகை. கரண்ட் ஒரே சீராக வரும், சத்தமும் கம்மி. பேர் தெரியாத கம்பெனி என்பதால் விலையும் அவளுக்கு எட்டியது. பஸ்காரம்மா குனிந்து அதைத் தூக்கிக் கடைக்குள்ளேயே ஒரு சுற்று நடந்தாள். "தூக்க முடியாத சாமான் எனக்கு எதுக்கு?" என்று சொல்லி அதையே வாங்கிவிட்டாள்.

வெல்டிங்காரர் வண்டியின் பின் டிக்கிக்குள் ஒரு இரும்புத் தட்டு வைத்துக் கொடுத்தார். ஜெனரேட்டரை அதில் உட்கார வைத்து முடுக்கினார்கள். கட்டிலுக்கு அடியில் தரையில் ஒரு ஓட்டை போட்டு, அது வழியாக ஒயரை மேலே ஏற்றினார்கள். முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடையில் பூனை மாதிரி உறுமிய சாமான், தகரவண்டிக்குள் போனதும் தகரம் தட்டிய மாதிரி முழங்கியது. தெருவே வெளியே வந்துவிட்டது.

எதிர் வீட்டம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏங்க அக்கா, வீட்டுக்குள்ள மாவு மில்லா வச்சிருக்கீங்க? எங்க ஜன்னல் கண்ணாடி ஆடுது!"

பஸ்காரம்மா சிரித்துவிட்டாள். சோபாக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. தன் வீட்டால் அடுத்த வீட்டுக்குத் தொந்தரவு என்று ஒரு வார்த்தை வந்தால் சோறு இறங்காத மனுஷன் அவர். மறுநாளே பலகை அறுத்தார், உள்ளே கனமான ஃபோம் ஒட்டினார், மேலே பழுப்பு ரெக்ஸின் இழுத்துக் கட்டினார். அதோடு விட்டாரா? சோபாவுக்கு வைப்பதுபோல் வரிசையாகப் பட்டன் வேறு தைத்தார். ஜெனரேட்டருக்கு ஒரு மெத்தைப் பெட்டி! புகை போக ஒரு வாய் விட்டிருந்தார், அதிலெல்லாம் குறையில்லை. எதிர் வீட்டம்மாவே வந்து தடவிப் பார்த்து, "அண்ணே, இதுல நானே உட்காரலாம் போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பாராட்டுத்தான் வினையாயிற்று. இன்னும் கொஞ்சம் சத்தம் குறைந்தால் தேவலை என்று, மத்தியானம் வண்டிக்குள் படுத்துப் பார்க்கப் போனவர் ஜெனரேட்டரை ஓடவிட்டு டிக்கிக் கதவையும் அடித்துச் சாத்திவிட்டார். பெட்டியின் வாய் திறந்திருந்து என்ன பிரயோஜனம்? புகை டிக்கிக்குள்ளேயே சுற்றி, ஒயர் போன ஓட்டை வழியாகக் கட்டிலுக்கு அடியில் ஏறியது. மூச்சு மிஷினும் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில், தரையில்தான் இருந்தது. அது பாட்டுக்கு அங்கே இருந்த காற்றை உறிஞ்சி, மாஸ்க் வழியாக அவர் மூக்குக்குள் ஊதிக்கொண்டிருந்தது. காப்பாற்ற வாங்கிய மிஷின், ஐயா!

பஸ்காரம்மா வீட்டுக்குள் வண்டி ஜன்னலுக்குத் திரைத்துணி தைத்துக்கொண்டிருந்தாள். வெளியே சத்தமே இல்லை. அவ்வளவு நன்றாக அடக்கிவிட்டாரே என்று சந்தோஷம் தாங்காமல், சொல்லப் போனாள்.

"என்னங்க, துளிகூடக் கேக்கலைங்க!"

பதிலில்லை. வண்டிக் கதவைத் திறந்ததும் சாலை நெரிசலில் நிற்கிற வாடை. அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள், அவர் கை துணி மாதிரி விழுந்தது. மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள். அவரைத் தூக்க முடியாது. அதனால் மெத்தையின் இரண்டு மூலையையும் பிடித்து இழுத்தாள். படியில் அவர் குதிகால் தடதடவென்று இடித்தது. எதிர் வீட்டு ஜன்னல் பார்த்தது அதைத்தான்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்தார். டாக்டர் கோபமாகக் கேட்டார்:

"மூடின இடத்துல இன்ஜின் ஓட்டினது யாரு? இந்தப் புகை எவ்வளவு ஆபத்து தெரியுமா? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ஆளே இல்ல!"

பஸ்காரம்மா கட்டிலில் கிடந்தவர் முகத்தைப் பார்த்தாள். "நான்தான்" என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை ஆஸ்பத்திரி வாசல் தாண்டி, தனிக்குடித்தனம் இருக்கும் மகன் காதுக்குப் போய், தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை விற்றுவிடப் போவதாக மகன் போனில் சொல்லிவிட்டான். அதற்காக அவள் கை சும்மா இருந்ததா? ஜெனரேட்டரை டிக்கியிலிருந்து கழற்றினாள். தரை ஓட்டையை அடைத்தாள். வண்டியின் பக்கவாட்டில் வெளியே ஒரு பிளக் பெட்டி வைக்கச் சொன்னாள், நீள ஒயர் வாங்கினாள். இனி ஜெனரேட்டர் ஓடும்போது வண்டியை விட்டு எட்டத்தில், புகை மறுபக்கம் போகிற மாதிரி, தரையில்தான் உட்காரும். கட்டில் பக்கத்தில் விஷப்புகை வந்தால் அலறுகிற அலாரம் ஒன்று மாட்டினாள். மூச்சு மிஷினுக்கு உயரமான ஸ்டூல் ஒன்று போட்டாள்; வீட்டிலானாலும் வண்டியிலானாலும் இனி அதன் மேல்தான் மிஷின். சோபாக்காரர் இதையெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தார். தன் மெத்தைப் பெட்டி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைய ஞாபகமே அவருக்குப் போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மகன் வந்ததும் கையை நீட்டினான். "சாவியக் குடும்மா. அப்பா உயிரோட விளையாடினது போதும்."

"வண்டி என்னோடது."

"அப்பா யாரோடது?"

அப்போதுதான் சோபாக்காரர் தொண்டையைச் செருமினார்.

"டேய், அந்தப் பெட்டிய யாரு அடிச்சான்னு கேட்டியா?"

"அம்மாதானே..."

"உங்கம்மாவுக்குப் பட்டன் தைக்கத் தெரியுமாடா? பெட்டி அடிச்சது நான். ஸ்டார்ட் பண்ணினது நான். டிக்கிய இழுத்துச் சாத்தினதும் நான்தான். அவ என்னை வெளிய இழுத்துப் போட்டா, அவ்வளவுதான்."

நீட்டிய கையை மகன் இறக்கிக்கொண்டான். அவனைவிட அதிர்ந்தது பஸ்காரம்மா. "உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. சோபா தைக்கிற கையாலேயே சாகப் பாத்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ வேற முந்திக்கிட்ட."

"மறுபடி அந்த வண்டில படுப்பீங்களாப்பா?" என்று மகன் கேட்டான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் போனபிறகு பஸ்காரம்மா சாவியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். "நீங்க வரலைன்னா நானும் போகலை. பயந்துகிட்டு வர வேண்டாம். வித்துடலாம்." அதைச் சொல்ல அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் விடிந்து எழுந்தால் பக்கத்துக் கட்டில் காலி. சாவி இல்லை. ஸ்டூல் இல்லை. மிஷினும் இல்லை. அவளுக்கு உயிரே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக மகன் வந்து கூட்டிப் போய்விட்டானா? தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் ஜன்னலுக்கு ஓடினாள்.

வண்டிக்கு எட்டத்தில், தரையில், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் மாஸ்க்கோடு அவர் கிடந்தார். "என்னங்க!" என்று அலறினாள்.

அவர் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "சும்மா கத்தாதே. நல்லாத் தூங்கி எழுந்தேன். கிளம்பு, கிளம்பு."

அவள் அழுதாளா, சிரித்தாளா, தெரியாது. அடுப்பு அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள், துணிப்பையை எடுத்தாள், பூட்டைத் தேடினாள். அதற்குள் அவர் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, டிரைவர் சீட்டுப் பக்கம் போய் ஹாரனை அழுத்தினார். வண்டி ஓட்டத் தெரியாத மனுஷன், அழுத்திய அழுத்தில் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

"என் ஹாரனை விடுங்க! வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்று கத்திக்கொண்டே, ஒரு கையில் பையும் மறு கையில் பூட்டுமாக, பஸ்காரம்மா வாசற்படி இறங்கினாள்.