சுவரில் ஏறிய கொக்கி

திரைச்சீலை ஒன்றைத் தைத்து முடித்தால், அதைத் தையல் கடையின் பின்சுவரில் இருக்கும் உயரக் கம்பியில் மாட்டி, மடிப்பு நேராக விழுகிறதா என்று பார்ப்பார்கள். மாட்டியவுடன் மற்றவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். அங்கே தைக்கிறவர்களில் அவள் மட்டும் எடுக்கமாட்டாள். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடி, குதிகாலை உயர்த்தி, கண்ணை மூடி நிற்பாள். மூச்சு மெல்ல உள்ளே போய் மெல்ல வெளியே வரும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மெஷினுக்குத் திரும்பிவிடுவாள். வருஷக்கணக்காக இப்படித்தான்.

"வவ்வால் தொங்க ஆரம்பிச்சாச்சு. யாரும் சத்தம் போடாதீங்கப்பா, பறந்துடப் போகுது" என்பார் இஸ்திரி போடுகிறவர்.

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவள், அதற்கும் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வாள். கடையில் எல்லோரும் கழுத்து, இடுப்பு என்று முனகும்போது அவள் மட்டும் முனகியதில்லை.

அவள் கணவர் தச்சர். ஒருநாள் வேலை செய்யும் இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவள் கடையை விட்டு வீட்டோடு இருந்தாள். அவரைப் புரட்டிப் படுக்க வைத்தது, தூக்கி உட்கார வைத்தது, தாங்கி நடக்க வைத்தது எல்லாம் அவளுடைய இடது தோள்தான். அவர் கைத்தடியோடு நடமாடத் தொடங்கிய நேரத்தில், அந்தத் தோள் இறுகிப்போய், கை மார்புக்கு மேலே ஏற மறுத்துவிட்டது.

டீத்தூள் டப்பாவை எடுக்கப்போய் அவள் பல்லைக் கடித்ததை அவர் ஒருநாள் பார்த்துவிட்டார். மறுநாள் அவள் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தால், வீடே குள்ளமாகியிருந்தது. அலமாரிப் பலகை, துணிக்கொடி, கண்ணாடி, துண்டு மாட்டும் கொக்கி எல்லாம் அவள் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தன.

"இனிமே நீ கையைத் தூக்கவே வேணாம்" என்றார், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

ஆசையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். சொல்ல வேண்டியதையெல்லாம் திருகாணியாலேயே சொல்லிவிடுவார். அவள் சமையலறைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பிய அன்றே அவள் ஒரு திரைச்சீலையை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பியிடம் போனாள். வலது கையால் இடது கையை இழுத்து ஒரேயடியாக மேலே தூக்கினாள். கண்ணில் பூச்சி பறந்தது. திரைச்சீலை நழுவி அவள் தலையிலேயே விழுந்து மூடியது. அதற்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே வர வெட்கமாக இருந்தது.

முதலாளியம்மா வந்து விலக்கினார். "போதும்மா. நீ உக்காந்து வளையம் மட்டும் தை. ஹோட்டல் ஆர்டர் வர்றதுக்குள்ள கை சரியாச்சுன்னா பாப்போம். இல்லேன்னா தொங்கவிட வேற ஆளைப் போட்டுக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் தைத்த துணி விழும் அழகைத் தானே தொங்கவிட்டுப் பார்க்க முடியாவிட்டால் அப்புறம் என்ன வேலை அது என்று அவளுக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், அவள் விரல்களைச் சுவரில் வைத்து நண்டு போல மேலே நடக்கவிட்டாள்.

"வலி ஆரம்பிக்கிற இடத்துல நின்னுடுங்க. அங்கேயே நிதானமா மூச்சு விட்டுட்டு இறங்கி வந்துடுங்க. தோளோட சண்டை வேணாம். ஆமா, வீட்ல எதுக்காவது கையைத் தூக்குவீங்களா?"

வழியெல்லாம் யோசித்துப் பார்த்தாள். தூக்க ஒன்றுமே இல்லை. அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

சாயங்காலம் டீ கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"என்னங்க, இந்தக் கொக்கியைக் கொஞ்சம் மேல ஏத்தணும்."

"ஏன், ஆடுதா?"

"ஆடல. உக்காந்த இடத்துலயே எல்லாம் கிடைக்குது. அதான் கை தூங்கிப்போச்சு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் பண்ணதுதான் தப்பா?"

அவள் வழக்கம்போல் பேச்சை விட்டுவிடவில்லை. "நீங்க படுத்திருந்தப்ப, பாவம்னு நான் அப்படியே விட்டிருந்தா இன்னிக்கு நடப்பீங்களா?"

"நீ எங்க விட்டே? கட்டிலை விட்டு இறக்கி இறக்கி உயிரை வாங்கினியே."

"அதையே இப்ப எனக்குப் பண்ணுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எவ்வளவு ஏத்தணும்?"

"ஒரு விரல்."

"ஒரு விரலுக்கு டிரில்லிங் மெஷினை எடுக்கணுமா? சுவரு சல்லடையாயிடும்டி."

"ஆகட்டும்."

அன்றிலிருந்து காலையில் முகம் கழுவியதும் துண்டை மாட்டி, கொக்கியில் கையை வைத்தபடி, கண்ணை மூடி நிற்பாள். தடியைச் சாத்திவிட்டு அவரும் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி நிற்பார். அந்த உயரம் வலிக்காமல் எட்டியதும் கொக்கியை இன்னொரு விரல் ஏற்றுவார். நடுவில் காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்தபோது கை பழையபடி இறங்கியிருந்தது. அவர் கொக்கியைக் கழற்றிக் கீழே இருந்த பழைய ஓட்டையில் மாட்டினார். ஓட்டைதான் இருக்கிறதே.

ஹோட்டல் ஆர்டர் வந்த அன்று, அவள் கம்பியின் கீழே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். முதல் திரைச்சீலையை மெதுவாக மாட்டினாள். மாட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"வவ்வால் வந்துடுச்சுடோய்!" என்றார் இஸ்திரி போடுகிறவர். முதலாளியம்மா முக்காலி ஆடாமல் காலால் மிதித்துக்கொண்டார்.

இன்று கொக்கி அவள் புருவத்துக்கு நேராக இருக்கிறது. முக்காலி இல்லாமல் கம்பி இன்னும் எட்டவில்லை. அவள் தைக்கும் திரைச்சீலைகளை அவளேதான் தொங்கவிடுகிறாள்.